பொங்கலோடு நின்றுபோகும் டைரி

கேள்வி:

எனக்கு 38 வயது. திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை. கணவர், பத்தாவது படிக்கும் மகள், மாமியார், நான் என வீட்டில் நாலு பேர். ஒன்பது வருடமாக டிசம்பர் 31 ராத்திரி டைரியின் முதல் பக்கத்தில் பத்து தீர்மானங்கள் எழுதுகிறேன். காலை 5 மணிக்கு எழுந்து நடப்பது, 8 கிலோ குறைப்பது, பாதியில் விட்ட சி.ஏ. படிப்பைத் தொடர்வது, மாதம் 5,000 ரூபாய் சேமிப்பது, கார் ஓட்டக் கற்பது, மாதம் ஒரு புத்தகம், தினமும் தியானம், இனிப்பைத் தொடாமல் இருப்பது, ராத்திரி போன் பார்க்காமல் இருப்பது, மகளிடம் கத்தாமல் இருப்பது. வருடத்துக்கு ஒன்றிரண்டு மாறும், மற்றதெல்லாம் அதேதான். பொங்கலுக்கு ஊருக்குப் போய்த் திரும்புவதற்குள் அத்தனையும் நின்றுபோகும். போன வருடம் மகள் டைரியைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இந்த வருஷமும் அதே லிஸ்ட்டா?" என்று கேட்டாள். சிரித்துச் சமாளித்தேன். அப்புறம் சமையலறையில் நின்று அழுதேன். எனக்கு மனவுறுதியே கிடையாதா? இந்த வருடம் டைரியே வாங்காமல் விட்டுவிடலாமா என்று இருக்கிறது. ஆறு வருடமாகச் சீட்டு மட்டும்தான் தவறாமல் கட்டுகிறேன். மற்ற எதற்கும் லாயக்கில்லாதவள் போலத் தோன்றுகிறது. உடம்பும் எப்போதும் அசதியாகவே இருக்கிறது.

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருப்பூர்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்டுப் போன அந்தச் சீட்டிலிருந்தே ஆரம்பிக்கிறேன். ஆறு வருடம் என்றால் 72 மாதம். 2020-ல் ஊரடங்கில் திருப்பூரில் மெஷின்கள் ஓடாமல் நின்ற மாதங்களும் அதில் அடக்கம். அந்த மாதங்களிலும் எங்கோ புரட்டி, எதையோ குறைத்துக்கொண்டு கட்டியிருக்கிறீர்கள். ஆனால் உங்கள் பட்டியலில் "மாதம் 5,000 சேமிப்பு" இன்னும் நிறைவேறாத தீர்மானமாகவே நிற்கிறது. சீட்டுத் தொகை எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை. எவ்வளவாக இருந்தாலும் அது சேமிப்புதானே?

நீங்கள் கணக்கு எழுதுகிறவர். வந்த வரவையெல்லாம் பதியாமல் விட்டுவிட்டு நஷ்டத்தை மட்டும் காட்டும் ஒரு பேரேட்டை யாராவது உங்கள் மேசைக்குக் கொண்டுவந்தால் ஒத்துக்கொள்வீர்களா? முதலில் வரவுச் சீட்டுகள் எங்கே என்றுதான் கேட்பீர்கள். உங்கள் சொந்தக் கணக்கை மட்டும் ஒன்பது வருடமாக இப்படித்தான் எழுதிவருகிறீர்கள்.

மனவுறுதி இருக்கிறதா என்ற கேள்விக்கு அந்தச் சீட்டே பதில் சொல்லிவிட்டது. அதே மனுஷி சீட்டில் தவறாமல் இருக்கிறாள், நடைப்பயிற்சியில் மட்டும் ஏன் நின்றுபோகிறாள் என்பதுதான் நாம் பார்க்க வேண்டியது.

சீட்டுக்குத் தேதி உண்டு, தொகை உண்டு. யார் கையில் கொடுக்க வேண்டும் என்பதும் தெரியும். ஒவ்வொரு மாதமும் "இன்று கட்டலாமா, நாளைக்குப் பார்க்கலாமா" என்று நீங்கள் உட்கார்ந்து யோசிப்பதில்லை. ஜி.எஸ்.டி. ரிட்டர்னும் அப்படித்தான். தேதி தாண்டினால் ஒரு நாளைக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம், வரி பாக்கி இருந்தால் அதற்கு வட்டி. யாரும் மனவுறுதியை நம்பி ரிட்டர்ன் போடுவதில்லை. "காலை 5 மணிக்கு நடப்பேன்" என்பதற்கு நேரம் மட்டும்தான் இருக்கிறது. எந்த வழியில், எவ்வளவு நேரம், மழை வந்தால் என்ன, மாமியாருக்குக் காபி யார் போடுவது என்று ஒன்றுமே அதில் இல்லை. அதனால் தினமும் காலையில் புதிதாக முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. தூக்கக் கலக்கத்தில் எடுக்கும் முடிவு எந்தப் பக்கம் சாயும் என்று உங்களுக்கே தெரியும்.

இதைச் சோதித்துப் பார்த்தே சொல்லியிருக்கிறார்கள். 2002-ல் இங்கிலாந்தில் 248 பேரை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவிடம் உடற்பயிற்சி செய்ததைக் குறித்து வைக்க மட்டும் சொன்னார்கள். இரண்டாவது குழு, உடற்பயிற்சி இதயத்துக்கு எவ்வளவு நல்லது என்று படித்தது. மூன்றாவது குழுவும் அதைப் படித்தது, கூடவே "இந்த வாரம் இந்த நாளில், இத்தனை மணிக்கு, இந்த இடத்தில் செய்வேன்" என்று ஒரு வரி எழுதியது. முதல் இரண்டு குழுவிலும் 35 முதல் 38 சதவீதம் பேர்தான் அந்த வாரம் உடற்பயிற்சி செய்தார்கள். ஒரு வரி எழுதிய குழுவில் 91 சதவீதம். நல்லது என்று தெரிந்துகொண்டதால் கூடியது ஒன்றுமில்லை, அந்த ஒரு வரிதான் வித்தியாசம். பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் நெடுங்காலமாக இதைத்தான் சொல்லிவருகிறார்: "இது நடந்ததும் நான் இதைச் செய்வேன்" என்று இரண்டையும் முன்கூட்டியே முடிச்சுப் போட்டு வையுங்கள்.

சரி, இப்போது தேதிக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தைப் படித்ததும் நான் செய்த முதல் வேலை, உங்கள் ஜனவரி மாதத்தை ஒரு தாளில் போட்டுப் பார்த்ததுதான். டிசம்பர் 31 ஜி.எஸ்.டி. ஆண்டு ரிட்டர்னுக்குக் கடைசி நாள். அன்று முழுக்க கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டு, கண் எரிச்சலோடு வீட்டுக்கு வந்து, ராத்திரி பத்து மணிக்குமேல் பத்து தீர்மானம் எழுதுகிறீர்கள். ஜனவரி 7 டி.டி.எஸ்., அதாவது கம்பெனி பிடித்து வைத்த வருமான வரியைக் கட்ட வேண்டும். 11 ஜி.எஸ்.டி.ஆர்-1, அதாவது விற்பனை விவர ரிட்டர்ன். 15 பி.எஃப்., இ.எஸ்.ஐ., அதே சமயத்தில் பொங்கல். ஊருக்குப் போய்த் திரும்பினால் 20-ம் தேதி 3பி, அதாவது மாத ஜி.எஸ்.டி. வரியைக் கட்டும் ரிட்டர்ன் காத்திருக்கும். மாதத்தின் முதல் இருபது நாள் உங்களுடையதே இல்லை. வருடத்திலேயே உங்களுக்கு மூச்சுவிட நேரமில்லாத மூன்று வாரத்தில், இதுவரை செய்யாத பத்து காரியங்களை ஒரே சமயத்தில் தொடங்கியிருக்கிறீர்கள், ஒன்பது வருடமும். பொங்கலுக்குள் நின்றுபோனதில் எனக்கு ஆச்சரியமில்லை. ஒன்றாம் தேதி தொடங்கியதே பெரிய காரியம் என்றுதான் நினைக்கிறேன்.

ஆகவே உங்களுடைய புத்தாண்டு ஜனவரி 21. இதை வேடிக்கையாகச் சொல்லவில்லை. புதுத் தொடக்கம் என்ற எண்ணம் மனிதருக்கு ஒரு தள்ளு கொடுப்பது உண்மைதான். 2014-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், உடற்பயிற்சிக்கூடத்துக்கு வருகிறவர்களின் கூட்டம் வருடத் தொடக்கத்தில் மட்டுமல்லாமல் வாரத் தொடக்கத்திலும் மாதத் தொடக்கத்திலும் பிறந்தநாளுக்குப் பிறகும் கூடுவதைக் கண்டார்கள். ஒன்றாம் தேதிக்கென்று தனி மகிமை கிடையாது. "இதற்கு முன், இதற்குப் பின்" என்று மனம் கோடு போடும் எந்த நாளும் போதும். நமக்கோ தை ஒன்று, சித்திரை ஒன்று, ஆயுத பூஜை என்று ஏகப்பட்ட கோடுகள் இருக்கின்றன. கணக்கெழுதும் உங்களுக்கு 3பி போட்டு முடித்த மறுநாளைவிடத் தெளிவான கோடு எது?

ஒன்றாம் தேதியிலிருந்து 20 வரை சும்மா இருக்கச் சொல்லவில்லை. அந்த நாட்களில் பழைய கணக்கை முடித்துவிடுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு மணி நேரம் போதும்.

நான் வருடா வருடம் செய்வதைச் சொல்கிறேன். நினைவை நம்பி உட்கார்ந்தால் மனம் தோல்விகளை மட்டும்தான் எடுத்துக் கொடுக்கும். அதனால் போனை எடுத்து, ஜனவரியிலிருந்து டிசம்பர் வரை புகைப்படங்களை வரிசையாகத் தள்ளிப் பார்ப்பேன். பக்கத்தில் வங்கிக் கணக்கு விவரம். எங்கே பணம் போயிருக்கிறதோ அங்கேதான் என் நாட்களும் போயிருக்கும். ஒரு வருடம் "எழுத நினைத்த கட்டுரைகளில் பாதிகூட எழுதவில்லையே" என்று என்மீதே கோபமாக இருந்தேன். கணக்கு விவரத்தைப் பார்த்தால் ஜூனிலிருந்து செப்டம்பர் வரை பக்கம் பக்கமாக ஆட்டோக் கட்டணமும் மருந்துக் கடைச் செலவும். அம்மாவின் கண் அறுவை சிகிச்சை, அதற்குப் பிறகு அவர் வழுக்கி விழுந்தது, வாரம் இரண்டு முறை மருத்துவமனை. அதெல்லாம் நான் செய்த வேலைகள். என் பட்டியலில் இல்லாததால் அவற்றை நான் எண்ணவே இல்லை. அன்றைக்கு அந்தக் கோபம் போய்விட்டது. அதற்கப்புறம்தான் அடுத்த வருடத்தைப் பற்றி நிதானமாக யோசிக்க முடிந்தது.

நீங்களும் அப்படிப் பாருங்கள். மாதத்துக்கு ஒரு வரி, பன்னிரண்டு வரி எழுதினால் போதும். இந்த மாதம் என் நேரம் எங்கே போனது, எது எனக்குத் தெம்பு தந்தது, எது உறிஞ்சிக்கொண்டது. முதலில் பதியாமல் விட்ட வரவுகளையெல்லாம் பதியுங்கள். சீட்டு அதில் முதல் வரி.

அப்புறம் அந்த ஒன்பது வருடப் பட்டியலை எடுங்கள். இங்கேதான் கொஞ்சம் கஷ்டம். வருமா என்றே தெரியாத பாக்கியை வருடா வருடம் ஏட்டில் தூக்கிக்கொண்டே போனால் என்ன ஆகும் என்று நான் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு கட்டத்தில் அதை வாராக்கடன் என்று எழுதித் தள்ளுபடி செய்துவிடுவீர்கள். அதனால் கம்பெனி மூழ்கிப்போவதில்லை, கணக்கு உண்மையாகிறது. தீர்மானங்களிலும் வாராக்கடன் உண்டு.

சி.ஏ. படிப்பைத்தான் சொல்கிறேன். அந்த ஆசை யாருடையது? உங்களுடையதா, அப்பாவுடையதா, இருபது வயதில் இருந்த வேறொரு பெண்ணுடையதா? என்னிடம் ஆலோசனைக்கு வருகிறவர்களிடம் ஒரு கேள்வி கேட்பேன்: நீங்கள் அதைப் படித்து முடித்தது யாருக்குமே தெரியப்போவதில்லை, யாரும் பாராட்டப்போவதில்லை என்றாலும் ராத்திரி அந்தப் புத்தகத்தோடு உட்காருவீர்களா? "ஆமாம்" என்று பதில் வந்தால் அது உங்கள் ஆசைதான், அதைத் தள்ளுபடி செய்யாதீர்கள். ஆனால் நடைப்பயிற்சிக்கும் இனிப்புக்கும் நடுவில் ஒரு வரியாக எழுதிவைக்கிற விஷயமும் இல்லை அது. வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து நேரம், பணம், யார் எந்த வேலையைப் பார்ப்பது என்று பேசி எடுக்க வேண்டிய முடிவு. மகளின் பொதுத்தேர்வு முடிந்து, கம்பெனியில் மார்ச் கணக்கு முடிப்பும் ஓய்ந்த பிறகு, மே மாதத்தில் பேசுங்கள். அதுவரை அதை டைரியில் எழுதாதீர்கள். "இல்லை" என்று பதில் வந்தால் ஒரு நாள் துக்கப்படுங்கள், தப்பில்லை. பேனாவை எடுத்துத் தேதி போட்டு அடித்துவிடுங்கள். சி.ஏ. முடிக்காமலேயே ஒரு ஏற்றுமதிக் கம்பெனியின் கணக்கைச் சுமக்கிறவர் நீங்கள்.

கார் ஓட்டுவதும் மே மாதத்துக்குப் போகட்டும். அதற்கு வேண்டியது ஒரு ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியும் பணமும் சில வாரக் காலை நேரமும்தான். பணம் கட்டிய அன்றே பாதி முடிந்த மாதிரி. புத்தகம், தியானம் இரண்டும் நல்லவை. அவை இப்போது இல்லையென்றால் எதுவும் இடிந்துவிழாது.

மிச்சமுள்ளவற்றில் மூன்று "இல்லாமல் இருப்பது" வகை. இனிப்பைத் தொடாமல், போன் பார்க்காமல், கத்தாமல். செய்யாமல் இருப்பதை எப்படிச் செய்வது? எப்போது செய்து முடித்தோம் என்று டிக் அடிப்பது? சுவீடனில் 1,066 பேரின் புத்தாண்டுத் தீர்மானங்களை ஒரு வருடம் தொடர்ந்து கவனித்தார்கள். "இதைச் செய்வேன்" என்று தீர்மானித்தவர்களில் ஏறக்குறைய 59 சதவீதம் பேர் வெற்றி பெற்றதாகச் சொன்னார்கள். "இதைச் செய்ய மாட்டேன்" என்றவர்களில் 47 சதவீதம். ஆகவே "போன் பார்க்க மாட்டேன்" என்பதை, "பத்து மணிக்குப் போனை ஹாலில் சார்ஜில் போட்டுவிட்டுப் படுக்கப் போவேன்" என்று மாற்றலாம். அலாரத்துக்கு ஒரு சாதாரண கடிகாரம் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆனால் அதுவும் இப்போது வேண்டாம். 21-ம் தேதி இரண்டே காரியங்கள் போதும். ஒன்று உடம்புக்கு, இன்னொன்று மகளோடு.

காலை 5 மணியை விட்டுவிடுங்கள் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். பத்தாவது படிக்கும் பிள்ளை உள்ள வீட்டில் ராத்திரி எத்தனை மணிக்கு விளக்கு அணைகிறது என்று எனக்குத் தெரியும். ஏற்கெனவே அசதி என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்குமேல் தூக்கத்தில் ஒரு மணி நேரத்தை வெட்டி எடுத்து நடப்பது உடம்புக்கு நல்லதாகாது. மத்தியானத்தைப் பாருங்கள். கம்பெனியில் சாப்பிட்டு முடித்து டிபன் பாக்ஸைக் கழுவுவீர்கள் இல்லையா? அந்த இடத்தில் முடிச்சுப் போடுங்கள்: "டிபன் பாக்ஸைக் கழுவிப் பையில் வைத்ததும், கேட் வரை போய்த் திரும்புவேன். பத்து நிமிடம்." வெயில் என்றால் பேக்கிங் பிரிவின் நீளத்துக்கு உள்ளேயே நடக்கலாம். ஷிப்மெண்ட் நாளில் சாப்பிடவே நேரமிருக்காது. அதற்கும் இப்போதே ஒரு வரி எழுதிவையுங்கள்: "ஷிப்மெண்ட் நாள் என்றால், சாயங்காலம் ஒரு ஸ்டாப் முன்னால் இறங்கி நடப்பேன்." ஆடிட்டர் வந்து உட்கார்ந்திருக்கும் நாளுக்கும் இதே வரிதான். பத்து நிமிடத்தில் எட்டு கிலோ குறையுமா என்று கேட்காதீர்கள். இந்த இரண்டு மாதத்துக்குக் கிலோ நம் கணக்கிலேயே இல்லை. டிபன் பாக்ஸ் கழுவிய கையோடு கால் தானாக கேட்டைப் பார்த்து நடக்கிற பழக்கம் வரட்டும், நிமிடத்தை அப்புறம் கூட்டிக்கொள்ளலாம்.

எத்தனை நாள் பிடிக்கும்? 21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்று ஊரெல்லாம் பேச்சு. 1960-ல் மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன், அறுவை சிகிச்சைக்குப் பிறகு நோயாளிகள் தங்கள் புது முகத்துக்குப் பழகக் குறைந்தது 21 நாள் பிடிக்கிறது என்று எழுதினார். அந்தக் "குறைந்தது" உதிர்ந்துபோய் எண் மட்டும் தங்கிவிட்டது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி என்பவரும் அவருடைய குழுவினரும் 96 பேரை 12 வாரம் கவனித்தார்கள். பழக்கம் படிய சராசரியாக 66 நாள் ஆகும் என்று கணக்கு வந்தது. ஆளுக்கு ஆள், செயலுக்குச் செயல் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வித்தியாசம். நம் வீடுகளில் ஒரு மண்டலம் என்று 48 நாள் சொல்வார்கள். 21-ஐவிட அது எவ்வளவோ நியாயமான எண். மண்டலம் முடிந்த பிறகும் பழகவில்லையே என்று தோன்றினால், இன்னும் நாள் இருக்கிறது என்று அர்த்தம், அவ்வளவுதான்.

அதே ஆய்வில் உங்களுக்கென்றே சொன்னது போல ஒன்று இருக்கிறது. நடுவில் ஒரு நாள் தவறினால் பழக்கம் படிவதில் குறிப்பிடும்படி எந்தக் கெடுதலும் ஏற்படவில்லை. நீங்களோ, ஒரு நாள் விட்டதும் "போச்சு" என்று டைரியையே மூடிவிடுகிறீர்கள். ஒரு வவுச்சர் காணாமல்போனால் வருடக் கணக்கையே கிழித்துப் போடுவீர்களா? கனடாவில் முதல் வருட மாணவர்கள் 119 பேரிடம் நடத்திய ஆய்வு ஒன்று உண்டு. முதல் தேர்வுக்குப் படிப்பதைத் தள்ளிப்போட்டதற்காகத் தங்களை மன்னித்துக்கொண்டவர்கள், அடுத்த தேர்வுக்குத் தள்ளிப்போடுவது குறைந்தது. தன்னைத் திட்டிக்கொண்டால்தான் திருந்துவோம் என்று நமக்குச் சின்ன வயதிலிருந்தே சொல்லித் தந்திருக்கிறார்கள். சமையலறையில் நின்று அழுத அந்த இரவு உங்களை மறுநாள் நடக்க வைத்ததா?

உடம்பு அசதியை மட்டும் தீர்மானத்தில் சேர்க்காதீர்கள், டாக்டரிடம் கொண்டுபோங்கள். ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை மூன்றையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். ரத்தசோகையோ தைராய்டு குறைபாடோ இருந்து, அதைத் தன் சோம்பேறித்தனம் என்று நினைத்துக்கொண்டு வருடக்கணக்கில் தன்னையே திட்டிக்கொண்டிருந்த பெண்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இன்னொன்றும் கேட்டாக வேண்டும். "எதற்கும் லாயக்கில்லை" என்ற எண்ணம் இரண்டு வாரத்துக்கும் மேலாக நாள் முழுக்க விடாமல் வருகிறதா? பிடித்த எதிலும் மனம் ஒட்டவில்லையா? அப்படியானால் மனநல மருத்துவர் ஒருவரைப் பாருங்கள். 14416 என்ற அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் கட்டணமில்லாமல், தமிழிலேயே, எந்நேரமும் பேசலாம்.

இனி மகள். அவள் கேட்ட கேள்வியில் எனக்குக் கிண்டல் தெரியவில்லை. அம்மாவின் பட்டியலை நினைவு வைத்திருக்கிற ஒரு பிள்ளை அது. பத்தாவது படிக்கும் பிள்ளைகளிடம் இப்போது எல்லாரும் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: எவ்வளவு மார்க்? "கத்தாமல் இருப்பேன்" என்பதற்குப் பதிலாக இப்படி ஒரு வரி எழுதுங்கள்: "வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியதும், அவளோடு உட்கார்ந்து ஒரு டீ குடிப்பேன். டம்ளர் காலியாகும் வரை படிப்பைப் பற்றிக் கேட்க மாட்டேன்." வேறெதுவும் வேண்டாம். அதற்குப் பிறகும் சில நாள் கத்துவீர்கள். கத்தினாலும் மறுநாள் டீ உண்டு.

டைரி வாங்குங்கள். முதல் பக்கத்தைக் காலியாக விடுங்கள். ஜனவரி 21 வரட்டும். முந்தின நாள் 3பி போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கி எழுந்த பிறகு, மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கத்தில் மூன்று வரி எழுதுங்கள். முதல் வரி, ஆறு வருடமாகச் சீட்டுக் கட்டுகிறேன் என்பது. இரண்டாவது டிபன் பாக்ஸ், மூன்றாவது டீ. பிப்ரவரி ரிட்டர்னையும் முடித்துவிட்டு எனக்கு மறுபடி எழுதுங்கள். கேட் வரை எத்தனை நாள் போனீர்கள் என்ற எண் மட்டும் போதும், போகாத நாட்களுக்குக் காரணம் எழுத வேண்டாம்.